பாக்கெட்டின் முன்பக்கம் மட்டும் போதாது

சர்க்கரை நோய்க்கு உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம், வீட்டில் வாங்கி வைத்திருக்கும் பாக்கெட்டுகளையும் கையோடு எடுத்துவரச் சொல்வேன். பெரும்பாலும் அதில் ஒரு 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட் இருக்கும். ஒரு வேளைக்கு எத்தனை சாப்பிடுவீர்கள் என்று கேட்டால், "இதுலதான் சர்க்கரையே இல்லையே மேடம், ஆறேழு சாப்பிடுவேன்" என்று தயங்காமல் பதில் வரும். சாதாரண பிஸ்கட் என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் இவர்கள்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 100 கிராமில் மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல் இருக்கும், பொருட்கள் பட்டியலில் முதலாவதாக மைதா நிற்கும், அந்த மைதா செரித்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்தில் சேரும். முன்பக்கத்தில் போட்டிருப்பது பொய்யும் இல்லை. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 1997-ல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதலின்படி 100 கிராமில் சர்க்கரை அரை கிராமைத் தாண்டாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். பிஸ்கட்டில் சர்க்கரை இல்லை என்று அவர்கள் சொல்வதை, ரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்று நாம் படித்துக்கொள்கிறோம். எனக்குக் கவலை இதுதான். ஒரே ஒரு சத்தைப் பற்றிய ஒரு வரி, அந்த உணவு முழுவதற்கும் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் யாரும் பின்பக்கத்தைத் திருப்புவதில்லை, அளவும் தானாகக் கூடிவிடுகிறது.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எண்ணெய் பாட்டிலில் போடுவதும் இந்த வகைதான். கொலஸ்ட்ரால் விலங்குகளிலிருந்து வரும் உணவில் இருப்பது, தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படியான அளவில் அது கிடையாது. பக்கத்தில் எதுவும் எழுதாமல் நிற்கும் பாட்டிலிலும் இல்லை! ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, அதில் மாற்றமே இல்லை. இதய நோயாளி வீட்டில் இந்த வரியை நம்பித் தாராளமாக ஊற்றிச் சமைப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, சமைக்கிறவர் மேல் இல்லை.

'25% குறைவான உப்பு' என்றால் எதைவிடக் குறைவு என்று கேளுங்கள். 100 கிராமில், உப்பில் உள்ள சோடியம் 1,000 மில்லிகிராம் இருந்த நொறுக்குத்தீனி 750-க்கு வந்திருக்கலாம். குறைந்தது உண்மைதான், ஆனால் கோடெக்ஸ் கணக்கில் 'குறைந்த சோடியம்' என்று சொல்ல 120-ஐத் தாண்டக் கூடாது. 'சர்க்கரை சேர்க்கப்படாத' பழச்சாறும் அப்படித்தான், பழச்சாற்றில் இயல்பாக உள்ள சர்க்கரையையே உலக சுகாதார நிறுவனம் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைத்திருக்கிறது.

சரி, கடையில் நின்றுகொண்டு என்னதான் பார்ப்பது? பொருட்கள் பட்டியலில் முதல் மூன்றைப் படியுங்கள், எடையில் அதிகம் உள்ளது முதலில் வரும் வரிசை அது. 'பல தானியம்' என்று பெரிதாகப் போட்டிருந்தும் தானியங்களெல்லாம் கடைசியில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும். 'ஒரு பரிமாறல்' என்ற கட்டத்தை விட்டுவிட்டு, 100 கிராமுக்கு என்று இருக்கும் கட்டத்தை வைத்து இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிடுங்கள், ஏனென்றால் அவர்கள் சொல்லும் பரிமாறல் இரண்டு பிஸ்கட்டாக இருக்கும், நீங்கள் சாப்பிடுவது அதுவாக இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'லோ சோடியம்' உப்பு என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு சேர்ந்திருக்கும். ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு அது நல்லதுதான், 2025-ல் உலக சுகாதார நிறுவனமே பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்தது, ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. பழுதான சிறுநீரகத்தால் கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது, அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். ரத்த அழுத்த மாத்திரைகளிலும் சில பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. வீட்டில் சிறுநீரக நோயாளி இருந்தால், இந்த உப்பை வாங்கும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல் இன்றே போன் செய்து சொல்லுங்கள்.