நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு சி.டி. மருந்து ஏற்றலாமா?

கொழும்பில் சி.டி. ஸ்கேன் எடுக்கப் போனால் கையெழுத்துக்கு ஒரு படிவம் நீட்டுவார்கள். ஆஸ்துமா உண்டா, சிறுநீரகத்தில் பிரச்சினையா, நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் குடிக்கிறீர்களா, படம் தெளிவாகத் தெரிவதற்காக ஊசியில் ஏற்றும் இந்த மருந்தால் முன்பு ஏதாவது ஆனதா என்று கேட்டிருக்கும். நம்மவர்கள் கேட்காமலே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: "எனக்கு நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாது, மகள்."

கடலுணவில் அயடீன் உண்டு, ஸ்கேன் மருந்திலும் அயடீன் உண்டு, ஆகவே இரண்டும் ஒன்று என்ற கணக்கு. கணக்கு பிழை. நண்டும் இறாலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதற்குப் பெரும்பாலும் அவற்றின் தசையிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதமே காரணம். அயடீனுக்கு அதில் பங்கில்லை. 1995இலிருந்து இலங்கையில் சமையல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம்; அயடீனே ஒவ்வாமை தருமென்றால் இந்த ஊரில் கறி தொட்டுச் சோறு சாப்பிட முடியாது. நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு உள்ள ஆபத்து, வேறு ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாதவருக்கு உள்ளதைவிட அதிகமில்லை.

சரி, அயடீன் எதற்கு? இரத்தமும் ஈரலும் குடலும் எக்ஸ்ரேயில் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். எலும்பு வெள்ளையாகத் தெரிவது அதிலுள்ள கல்சியத்தால். அணு எண் கூடக் கூட எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும். கல்சியத்தின் அணு எண் 20. அயடீனுக்கு 53. அத்தோடு, சி.டி. இயந்திரம் பயன்படுத்தும் கதிர்களின் சக்தி அயடீன் நன்றாக உறிஞ்சும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. மருந்து போன இரத்தக் குழாய் பளிச்சென்று வெளுக்கும். அடைப்போ கட்டியோ வேறாகப் பிரிந்து தெரியும்.

அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு மில்லிலீற்றரில் 350 மில்லிகிராம் அயடீன் உள்ள மருந்தை 100 மில்லிலீற்றர் ஏற்றினால், 35 கிராம் அயடீன் உள்ளே போகிறது. நாளொன்றுக்கு நமக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். அறுநூறு வருடத் தேவைக்கும் மேல்! ஆனால் மூன்று அயடீன் அணுக்கள் ஒரு பென்சீன் வளையத்தோடு இறுகப் பிணைந்திருக்கின்றன. உடல் அதைப் பிரித்தெடுப்பதில்லை. சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தால் ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரோடு போய்விடும். பிரிந்து நிற்கும் துளியளவு அயடீன் மட்டும் தைரொய்டைச் சீண்டலாம். தைரொய்டு மிகையாக வேலை செய்பவர்களும் கழுத்தில் கட்டி உள்ளவர்களும் முன்கூட்டியே சொல்லவேண்டியது இதற்காகத்தான்.

ஊசி இறங்கும்போது நடப்பது வேறு. முழங்கை மடிப்பில் குத்திய கனூலா என்ற மெல்லிய குழாய் வழியாக, இயந்திரம் விநாடிக்கு மூன்று நான்கு மில்லிலீற்றர் வேகத்தில் மருந்தைத் தள்ளும். தொண்டையில் ஒரு சூடு, வாயில் உலோகச் சுவை, அப்புறம் சூடு அடிவயிற்றுக்கு இறங்கி, படுக்கையிலேயே சிறுநீர் போய்விட்டதோ என்று கூச வைக்கும். போயிருக்காது. இது ஒவ்வாமையும் அல்ல. கை ஊசி இடத்தில் வலித்து வீங்கினால் மட்டும் உடனே குரல் கொடுக்க வேண்டும். மருந்து நாளத்துக்கு வெளியே கசிகிறது என்று அர்த்தம்.

பழைய மருந்துகள் இதைவிட முரட்டுத்தனமானவை. இரத்தத்தைவிட ஐந்தாறு மடங்கு செறிவு. உப்பிட்ட எலுமிச்சங்காய் நீர் விடுவதுபோல, சுற்றியுள்ள கலங்களிலிருந்து நீரை இழுக்கும். சுவீடன் நாட்டு மருத்துவர் டோர்ஸ்டன் ஆல்மென் 1960களில் முன்வைத்த யோசனையிலிருந்து, கரைந்ததும் அயன்களாக, அதாவது மின்னேற்றமுள்ள துகள்களாகப் பிரியாத, அதனால் செறிவு குறைந்த மருந்துகள் பிறந்தன. 1990இல் ஜப்பானில் வெளியான, 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகளைக் கணக்கெடுத்த ஆய்வில், கடுமையான எதிர்விளைவு பழைய வகையில் 0.22 சதவீதம், புதிய வகையில் 0.04 சதவீதம்.

அந்தச் சிறு எண்ணிக்கைக்குள் யார் வருவார் என்பதற்கு மிகப் பலமான அடையாளம், இதே வகை மருந்துக்கு முன்பு ஒருமுறை எதிர்விளைவு காட்டியிருப்பது. படிவத்தில் பலர் யோசிக்காமல் "இல்லை" போடுவதும் அந்தக் கேள்விக்குத்தான். முதல் தடவையிலேயே வரவும் கூடும்; மருந்து பல சமயம் உடலின் மாஸ்ட் கலங்களை நேரடியாகத் தூண்டி, ஒவ்வாமை அறிகுறிகளைத் தரும் ஹிஸ்டமினைக் கொட்ட வைக்கிறது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்கார வைப்பது இதற்காக. மூச்சு இறுகினால், பிரஷர் விழுந்தால், தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி. அதற்குத் தாமதம் கூடாது.

சிறுநீரகம் பற்றிய பயம் ஓரளவு ஊதிப் பெருத்தது என்பேன். ஸ்கேனுக்குப் பின் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஏறினால் மருந்தைத்தான் குற்றம் சொன்னார்கள். மருந்து ஏற்றாத நோயாளிகளிலும் அதே அளவு ஏறுவதைப் பிற்கால ஒப்பீடுகள் காட்டின. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (இரத்தப் பரிசோதனையில் eGFR என்று வரும் எண்) 30க்குக் கீழே போனவர்களுக்குத்தான் உண்மையான கவனம் தேவை: சேலைன் ஏற்றுவது, மெட்ஃபோர்மினை 48 மணி நேரம் நிறுத்துவது. கொழும்பு வெயிலில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் வந்து உட்காருவது உதவி அல்ல. தண்ணீர் குடிக்கலாமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது நல்லது. பாலூட்டும் தாய்மாரும் நிறுத்தத் தேவையில்லை. பாலில் சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

ஒருமுறை உடம்பு தடித்துச் சிவந்திருந்தால், அன்று ஏற்றிய மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அதே வகையில் வேறொரு மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்தப் பெயர் வேண்டும். எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றும் கடோலினியம் இதோடு சேர்ந்ததல்ல; அயடீன் மருந்து ஒத்துக்கொள்ளாததால் அதுவும் ஒத்துக்கொள்ளாது என்றாகாது.