மழை குறைந்தால் போதாது: ஒரு வட்டம் வறட்சிப் பட்டியலில் சேர்வது எப்படி?

வறட்சியை அறிவிப்பது மாநில அரசு. ஆனால் அளவுகோல் மத்திய வேளாண் அமைச்சகத்தின் 2016 வறட்சி மேலாண்மைக் கையேடு. பயிர் கண்ணெதிரே கருகினாலும் வட்டம் பட்டியலில் வராமல் போவது பெரும்பாலும் இதன் படிகளில் எங்கோ தடுக்கித்தான்.

முதல் படி மழை. இயல்பைவிட 20 முதல் 59% வரை குறைந்தால் பற்றாக்குறை. 60 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் கடும் பற்றாக்குறை. கூடவே, பருவமழை தொடங்க வேண்டிய நாளுக்குப் பிறகு தொடர்ந்து 3, 4 வாரம் இயல்பில் பாதிகூடப் பெய்யாத இடைவெளி உண்டா என்றும் பார்ப்பார்கள். மொத்த மழை சரியாக இருந்தாலும் இந்த இடைவெளி இருந்தால் வட்டம் அடுத்த படிக்குப் போகும். நான்கு நாளில் கொட்டித் தீர்த்த மழை கணக்கைக் காப்பாற்றலாம், நிலக்கடலையைக் காப்பாற்றாது.

அடுத்து விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பசுமை, மண் ஈரம், அணை–நிலத்தடி நீர் என நான்கு வகைத் தரவுகள். இவற்றில் மூன்று வகைகளை மாநிலம் எடுத்துக்கொள்ளும். ஏமாற்றக்கூடியது செயற்கைக்கோள்தான். கம்பு காய்ந்து கிடக்க, வரப்போரச் சீமைக் கருவேலம் தழைத்திருந்தால் படத்தில் நிலம் பச்சையாகவே தெரியும். மேகம் மறைத்தால் படமே கிடைக்காது.

அதனால்தான் மூன்றாவதாகக் கள ஆய்வு. 10% கிராமங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வயலில் இறங்கிப் பார்க்கிறார்கள். சேதம் 33 சதவீதத்தைத் தாண்டினால் மிதமான வறட்சி, 50 சதவீதத்தைத் தாண்டினால் கடும் வறட்சி. இந்தப் பிரிவினை வெறும் பெயரல்ல: தேசிய பேரிடர் நிதி கேட்கக் கடும் வறட்சியாக இருக்க வேண்டும். கர்நாடகம் 2023 செப்டம்பரில் அறிவித்த 195 தாலுகாக்களில் 161 கடும் வறட்சி, 34 மிதமான வறட்சி.

காரிஃப் எனப்படும் தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடிக்கு அக்டோபர் 30-க்குள் அறிவிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையே அக்டோபரில்தான் தொடங்கும் தமிழகத்துக்கு இந்தத் தேதி பொருந்தாது. 2016-ல் அந்த மழை 62% குறைந்தபோது, அறிவிப்பு 2017 ஜனவரி 10-ல் வந்தது.

விவசாயிக்குக் கிடைப்பது விதை, உரம் போன்றவற்றுக்கான இடுபொருள் மானியம். 2022–26 பேரிடர் நிவாரண விதிகளில் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன நிலத்துக்கு 17,000 ரூபாய். உச்சவரம்பு 2 ஹெக்டேர், இழப்பு குறைந்தது 33%. கருகிய பயிரை ஆய்வுக்கு முன்பே மாட்டை விட்டு மேய்த்துவிட்டால் சேதத்தைக் காட்ட வயலில் எதுவும் மிஞ்சாது. அடங்கல் என்ற கிராமப் பயிர்ப் பதிவேட்டில் பயிர் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் கிராம நிர்வாக அலுவலரிடம் விதைத்த மாதமே பார்த்துக்கொள்ளுங்கள்.