பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அழுகை

"அப்பா ரொம்ப உடைஞ்சு போயிட்டார் டாக்டர். யார் வந்து நலம் விசாரிச்சாலும் அழுதுடுறார்." பக்கவாதம் வந்தவர்களின் வீட்டார் அடிக்கடி சொல்வது இது. அவரிடமே கேட்டால் பல சமயம் வேறு பதில் வரும். "எனக்கு வருத்தமெல்லாம் இல்லைங்க. அழுகை தானா வருது, அடக்க முடியலை."

இந்த அழுகையை மருத்துவர்கள் வெகுகாலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள். மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படி வெளிக்காட்டுகிறார்கள் என்று 1872இல் சார்லஸ் டார்வின் எழுதிய நூலிலேயே, பக்கவாதமும் மூளைத் தேய்வும் முதுமைத் தளர்ச்சியும் அழுகையை வரவழைக்கும் என்ற குறிப்பு இருக்கிறது. டார்வின் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். மனநோயாளிகளைப் பற்றி அவருக்கு விரிவாக எழுதி அனுப்பியவர் ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன், இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு மனநல விடுதியின் தலைமை மருத்துவர். 1869இல் கடிதப் போக்குவரத்து தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நூலை இருவர் பெயரிலும் போட வேண்டும் என்று டார்வினே எழுதும் அளவுக்கு அந்தக் குறிப்புகள் பயன்பட்டன.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மருத்துவரின் மனைவி சொன்னது. சாவு பயத்தோடு கடும் மனச்சோர்வில் கிடந்த ஒரு பெண்ணை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் தேறிவிடுவாள், தலைமுடி படிய ஆரம்பித்துவிட்டது என்றாராம். சிலிர்த்து முரண்டுபிடிக்கும் முடி அடங்கினால் நோயாளிகள் தேறுவதை அவர் எப்போதும் கவனித்திருக்கிறார். பெரிய படிப்பாளியின் நூலில் அந்த அம்மாவின் பேச்சுக்கும் இடம் கிடைத்தது. கூடவே இருப்பவர் கண்ணில் படுவது, பத்து நிமிடம் பார்க்கும் எங்களுக்குத் தெரியாது.

சரி, அழுகைக்கு வருவோம். அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் பாதிக்கப்பட்டால், சின்னத் தூண்டுதலுக்கே அழுகை பொத்துக்கொண்டு வரும், கொஞ்ச நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். சிலருக்குத் துக்க வீட்டில் சிரிப்பு வந்து, உறவுக்காரர்கள் மனஸ்தாபப்படுவதும் உண்டு. மனச்சோர்வு வேறு மாதிரி: நாள் முழுக்க மனம் சோர்ந்திருக்கும், தூக்கமும் பசியும் கெடும், எதிலும் நாட்டம் இராது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு.

அதனால் "தைரியமா இருங்கப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள். எதைக் கேட்டதும் அழுதார், எவ்வளவு நேரம், அப்புறம் எப்படி இருந்தார் என்று குறித்துவையுங்கள். அவர் சம்மதித்தால் போனில் வீடியோவும் எடுத்து, அடுத்த முறை வரும்போது மருத்துவரிடம் காட்டுங்கள்.