பம்பை விடுங்கள், மெழுகைப் பாருங்கள்

வெந்நீர்ச் சுழற்சி பம்பு பொருத்தியிருக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சமையலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. நெடுநேரம் விட்ட பிறகுதான் குளிர்கிறது. பம்பு கெட்டுவிட்டதா, மாற்ற வேண்டுமா?"

வேண்டாம். இதே கோளாறுக்கு நான் ஒரு முறை பம்பை மாற்றியிருக்கிறேன். புதிய பம்பும் அதே வெந்நீரை அதே குழாயில் அனுப்பியது. குற்றவாளி வேறு இடத்தில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒளிந்திருந்தது.

முதலில் பம்பின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். கீசருக்கும் குழாய்க்கும் இடையே 15 மீட்டர் பைப் ஓடுகிறது, அதன் உள்விட்டம் 2 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சுமார் 4.7 லிட்டர் தண்ணீர் நிற்கும். இரவெல்லாம் ஆறிப்போன அந்தத் தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகுதான் சூடு உங்கள் கைக்கு வரும். நிமிடத்துக்கு 6 லிட்டர் விடும் குழாயில் ஏறத்தாழ 50 விநாடி. ஆறிய தண்ணீரைக் கீசருக்கே திருப்பி அனுப்பி, சூட்டைக் குழாயின் வாசலிலேயே நிறுத்தி வைப்பதுதான் பம்பின் வேலை. இதற்கு 25 வாட் அளவிலான சிறிய மோட்டாரே போதும். மாடிக்கு இது எப்படி ஏற்றும் என்று சந்தேகம் வரலாம். சுற்று மூடியது என்பதால் ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் ஈடுகட்டிவிடுகிறது. ராட்டினக் கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டியது போல. பைப்பின் உராய்வை மட்டும் பம்பு வென்றால் போதும்.

பம்பே கெடுவது உண்டு, ஆனால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. மின்சாரம் போய் வந்தால் டைமரின் கடிகாரம் பின்தங்கி, விடிந்த பிறகும் நள்ளிரவு என்று நினைத்துக்கொண்டு பம்பை நிறுத்தி வைத்திருக்கும். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. காற்று தண்ணீரைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி குறைந்தது. சுழலும் இறக்கையால் அதைப் பிடித்துத் தள்ள முடியாது, காற்றைத் திறந்துவிட வேண்டும். சத்தமே இல்லாமல் பம்பின் உடல் மட்டும் சுடுகிறதா? சுண்ணாம்பு படிந்து சுழலி இறுகியிருக்கலாம். வெந்நீர்க் குழாயிலேயே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் ஒருவழி வால்வு மூடாமல் நிற்கிறது. குளிர்ந்த நீர் பின்வழியாக வந்து கலக்கிறது. ஆறிய நீர் கீசருக்குத் திரும்பும் வழியை அடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாசகரின் கோளாறு இவற்றில் எதுவும் இல்லை. வெந்நீருக்கென்று தனியாகத் திரும்பு பைப் போடாத வீடுகளில், பச்சைத் தண்ணீர்ப் பைப்பையே திரும்பு வழியாகப் பயன்படுத்துவார்கள். கீசரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் குழாயின் அடியில், இரண்டு பைப்புகளையும் இணைத்து ஒரு சிறிய வால்வு இருக்கும். ஆறிய நீர் வந்தால் திறந்து பச்சைத் தண்ணீர்ப் பக்கம் விட வேண்டும். சூடான நீர் வந்ததும் மூட வேண்டும். அதற்கு மின்சாரம் கிடையாது, சிப் கிடையாது. உள்ளே இருப்பது ஒரு துளி மெழுகு.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளைக் கிண்ணம். அதில் பாரஃபின் மெழுகு, மேலே ரப்பர், ரப்பரின் நடுவில் ஒரு ஊசித்தண்டு. பனிக்கட்டி உருகினால் சுருங்கும், மெழுகு நேர்மாறு. திண்மமாக இருக்கும்போது அதன் நீண்ட கார்பன் சங்கிலிகள் அடுக்கிய விறகு போல ஒழுங்காகக் கிடக்கின்றன. உருகியதும் நெளியவும் புரளவும் தொடங்குகின்றன, இடம் போதாமல் போகிறது. பருமன் 10 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். திரவத்தை எளிதில் அமுக்க முடியாது, பித்தளையோ விரியாது. அழுத்தம் முழுவதும் ரப்பரைப் பிதுக்கித் தண்டை வெளியே தள்ளுகிறது, தண்டு வழியை அடைக்கிறது. நீர் ஆறினால் மெழுகு உறைந்து சுருங்கும், ஸ்பிரிங் தண்டை உள்ளே திருப்பி அனுப்பும்.

எந்தச் சூட்டில் மூட வேண்டும் என்பதை மெழுகின் சங்கிலி நீளமே தீர்மானிக்கிறது. 18 கார்பன் கொண்ட சங்கிலி சுமார் 28 டிகிரி செல்சியஸில் உருகும், 20 கார்பன் என்றால் 37, 22 என்றால் 44. நம் வால்வுகள் பெரும்பாலும் உடல் சூட்டை ஒட்டி மூடுகின்றன. கணக்குப் போட்டு வைத்த வேதியியல், ஒரு துளிக்குள். கார் என்ஜினைக் குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தையும் இதே வகை மெழுகுதான் 1930களிலிருந்து கட்டுப்படுத்தி வருகிறது.

இவ்வளவு நேர்த்தியான கருவியைக் கெடுப்பது எது? பெரும்பாலும் ஒரு சுண்ணாம்புப் பொருக்கு. சர்க்கரை சூடான நீரில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் சூட்டில் குறைவாகக் கரையும். அதனால் அது வெந்நீர்ப் பாதையில்தான் படிகிறது. அங்கிருந்து பெயர்ந்த ஒரு பொருக்கு வால்வின் வாயில் சிக்கினால் போதும். மெழுகு எவ்வளவு தள்ளினாலும் இடுக்கு மூடாது. என் வீட்டில் அகப்பட்டது கடுகைவிடப் பெரிதல்ல. பைப்பின் மேல் காந்தத்தைக் கட்டினால் சுண்ணாம்பு படியாது என்று விற்கிறார்கள். கால்சியத்துக்குக் காந்தம் என்றால் அச்சம் என்று யார் சொன்னார்களோ! அந்தப் பணத்தில் எத்தனையோ பாட்டில் வினிகர் வாங்கலாம்.

வினிகர்தான் மருந்து. பம்பின் மின் இணைப்பைத் துண்டித்து, தொட்டிக்கு அடியில் இருக்கும் இரண்டு அடைப்பான்களையும் மூடிவிட்டு வால்வைக் கழற்றுங்கள். வடிகட்டும் வலை இருந்தால் அதைக் கழுவுங்கள். வால்வை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் குமிழிகள் எழும். சுண்ணாம்பு கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. பிறகு நன்றாக அலசி, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீர்க் கிண்ணத்தில் போடுங்கள். ஓரிரு நிமிடத்தில், தண்டு மயிரிழை மயிரிழையாக வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். குளிர்ந்த நீருக்கு மாற்றினால் திரும்பப் போகும். அசையவே இல்லை என்றால் ரப்பர் கிழிந்து மெழுகு கசிந்திருக்கிறது, வால்வை மாற்றத்தான் வேண்டும்.

திரும்பப் பொருத்திய பிறகும் காலையில் பச்சைத் தண்ணீர்க் குழாய் சில விநாடி வெதுவெதுப்பாக வந்தால் கவலைப்படாதீர்கள். திரும்பு வழியாக அந்தப் பைப்பையே பயன்படுத்துகிறோம். மெழுகு மூடுவதற்குள் அந்தப் பக்கம் நழுவிய கடைசித் தண்ணீர் அது.