ஆற்றில் கிடைத்த பல்: நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

சேலத்தில் கால்நடை மருத்துவம் பார்க்கும் எனக்கு, மழைக்காலம் முடிந்து திருமணிமுத்தாற்றிலும் சரபங்கா ஆற்றிலும் வெள்ளம் வடிந்ததும், கரையில் கிடைத்த பற்களின் படங்கள் கைப்பேசிக்கு வரத் தொடங்கிவிடும். புலிப்பல்லா, டைனோசர் பல்லா என்று கேட்பார்கள். பெரும்பாலும் அது மாட்டின் கடைவாய்ப்பல்லாகவே இருக்கும். அண்மையில் ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த ஒரு தாயின் கையிலிருந்த குழந்தை, கழுத்துக் கயிற்றில் கோத்திருந்த பல்லை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஆற்றில் கிடைத்த புலிப்பல் என்று நம்பிக் கட்டியிருந்தார்கள். அது நாயின் கோரைப்பல். இனியும் பேசாமல் இருப்பது சரியன்று.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர், ‘கறுத்திருந்தால் பல லட்சம் ஆண்டுப் பழையது’ என்ற எண்ணம். காற்றுப் புகாத சேற்றில் புதைந்த பல், அங்குள்ள இரும்பையும் மாங்கனீசையும் ஏற்றுச் சில ஆண்டுகளிலேயே பழுப்பாகவோ கருமையாகவோ மாறிவிடும். சாக்கடை கலந்த சேற்றில் இது இன்னும் விரைவாக நடக்கும். போன தலைமுறையில் கரையில் போட்ட மாட்டின் பல்லும் கறுத்துத்தான் இருக்கும். நிறம் அது கிடந்த மண்ணைப் பற்றிச் சொல்லுமே தவிர, வயதைச் சொல்லாது. இந்த ஆறுகள் புறப்படும் சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் மிகப் பழைய படிகப் பாறையால் ஆனது. அந்தப் பாறை உருவான காலத்தில் பல் உள்ள விலங்கே உலகில் இல்லை. டைனோசர் காலத்துப் படிவுகள் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து எந்த ஆறும் சேலத்துக்குப் பாய்ந்து வருவதில்லை.

மாடு வளர்ப்பவர்களே மாட்டுப் பல்லை அடையாளம் காணாதது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சந்தையில் நாம் பிடித்துப் பார்ப்பது கீழ்த்தாடையின் முன்பற்களை மட்டுமே. கடைவாய்ப்பல்லின் பெரும்பகுதி தாடைக்குள் மறைந்திருப்பதால், அது தனியே கழன்று விரல் நீளத்துக்குக் கிடைக்கும்போது வேற்று விலங்கின் பல்லாகத் தோன்றுகிறது. அதன் மெல்லும் பரப்பைப் பாருங்கள்: எனாமல் என்னும் பல்லின் கெட்டியான மேலுறை பிறை வடிவ வரம்புகளாக இருந்தால் அது மாடு, எருமை, ஆடு போன்ற அசைபோடும் விலங்கினுடையது. ஏற்காட்டில் காட்டுமாடும் திரிவதால் இனத்தை உறுதிசெய்ய அளவும் ஒப்பீடும் தேவை. வரம்புகள் சிக்கலாக மடிந்திருந்தால் குதிரை. வளைந்து, அடிப்பகுதி உட்குழிந்து, வேரே இல்லாமல் இருப்பது ஆண் பன்றியின் தந்தம். புலிப்பல் என்று ஏமாற்றி விற்கப்படுபவற்றில் இதுவும் ஒன்று. பூனைக் குடும்பத்துக் கோரைப்பல்லின் எனாமலில் நீளவாக்கில் மெல்லிய பள்ளங்கள் ஓடும், நாய்க்கு அவை இல்லை. பன்றியின் கடைவாய்ப்பல் மேடு மேடாக இருப்பதால் மனிதப் பல்லோ என்று அஞ்சுபவர்களும் உண்டு. ஐயம் இருந்தால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சோதிக்கிறேன் என்று ஊசியைக் காய்ச்சிக் குத்தாதீர்கள், பிளீச்சிங் பவுடரில் ஊறவைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். எனாமல் வெடித்துவிட்டால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி, மெல்லும் பரப்பு, இரு பக்கங்கள், வேர் என எல்லாவற்றையும் அளவுகோலுடன் படமெடுத்து, கிடைத்த இடத்தையும் எழுதி அனுப்புங்கள். கையில் புண் இருந்தால் சேற்றில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். சதை ஒட்டிய தாடையைத் தொடாதீர்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் இறந்த மாட்டிலிருந்து வெளிப்படும் நோய்க்கிருமியின் நுண்வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடிருக்கும்.

உண்மையிலேயே அது புலி, சிறுத்தை, கரடி ஆகியவற்றின் பல்லாக இருந்தால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி அது அரசின் சொத்து. ஆற்றில் கிடைத்தது என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையின் உரிய அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். எந்தப் பல்லாக இருந்தாலும், தயவுசெய்து குழந்தையின் கழுத்தில் கட்டாதீர்கள். விழுங்கினால் மூச்சு அடைக்கும், கயிறு இறுகினாலும் அதே ஆபத்துதான்.