கதையில் வரும் திண்ணை யாருடையது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பத்தாவது படிக்கும் அவருடைய மகள் எப்போதும் நாவலும் கையுமாக இருக்கிறாளாம். "நடக்காததைப் படித்து என்ன பயன்? விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறு படித்தால் நாலு விஷயமாவது தெரியுமே" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் நடந்த கதைக்கு மூளையில் ஓர் அறை, கட்டிய கதைக்கு வேறோர் அறை என்று நினைத்தால்தான் இந்தக் கேள்வி வரும். மூளை அப்படி வேலை செய்வதில்லை.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். தேவனாம்பட்டினம் சில்வர் பீச். விடியற்காலை நாலு மணி. மணலில் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே போனதே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இருந்தாலும் முன்னால் கடல் இருட்டாகத் தெரிகிறது, காலடியில் மணல் சில்லென்று இருக்கிறது, ஒரு படகு கிடக்கிறது. படகு எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்கள். நான் பக்கம் எதுவும் சொல்லவில்லை. அதை அங்கே இழுத்து வைத்தது நீங்கள்தான்.

மூளையில் இந்த வேலைக்கு முக்கியமான பகுதி ஹிப்போகாம்பஸ். நெற்றியோரப் பொட்டுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக, கடல்குதிரை வடிவத்தில் இருக்கும். நினைவுகளைப் பதிய வைப்பது அதன் வேலை என்று பாடத்தில் படித்திருப்போம். அது பாதிக்கப்பட்டால் புது விஷயங்கள் மனதில் தங்காது.

2007-ல் லண்டனில் மூளை ஆய்வாளர் டெமிஸ் ஹஸாபிஸும் அவருடைய குழுவினரும் ஒரு படி மேலே போனார்கள். ஹிப்போகாம்பஸ் பழுதாகி நினைவிழந்த 5 பேரிடம், பழசை விட்டுவிட்டு இல்லாத ஒன்றைக் கேட்டார்கள்: வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள். கற்பனைக்குப் பழைய நினைவு எதற்கு என்றுதானே தோன்றும்? ஆனால் 5 பேரில் 4 பேரால் அது சரியாக முடியவில்லை. ஒருவருக்குக் கடல் சத்தம் கேட்டது, பறவைகள் கேட்டன, விரலிடுக்கில் மணல் உறுத்தியது, கப்பல் சங்கு கூடக் கேட்டது. பார்வைக்கு மட்டும் நீல வானத்தைத் தவிர எதுவும் வரவில்லை. துண்டுகள் எல்லாம் கையில் இருக்கின்றன, அவற்றைச் சேர்த்து ஓர் இடமாக நிறுத்த ஆள் இல்லை. இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. நினைவை வைத்திருக்கும் கிடங்கு என்று நாம் நினைத்தது, காட்சியைக் கட்டும் பட்டறையாகவும் இருக்கிறது!

அப்படியானால் 'நடந்தது' என்று நாம் சொல்வதும் அதே பட்டறையில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவதுதான். 2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் எங்கள் ஊரைத் தாண்டியது. முதலில் தென்னை விழுந்தது, அப்புறம்தான் ஓடு பறந்தது என்பேன் நான். ஓடு பறந்த பிறகுதான் தென்னை விழுந்தது என்று அக்கா இன்றும் சத்தியம் செய்கிறாள். இரண்டு பேரும் ஒரே கட்டிலுக்கு அடியில்தான் இருந்தோம்.

ஹஸாபிஸ் பின்னர் செயற்கை நுண்ணறிவு மூலம் புரதங்களின் வடிவத்தைக் கணித்ததற்காக 2024-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கற்பனைக் கடற்கரைக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று அன்று யாரும் கதவைச் சாத்தவில்லை. தமிழ் வாசகர்களை வைத்து இத்தகைய ஆய்வுகளுக்கு நம் அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, இரண்டும் ஒன்றேதானா? இல்லை. 1994-ல் உளவியல் ஆய்வாளர் ரோல்ஃப் ஸ்வான் ஒரே பத்தியைச் சிலரிடம் இலக்கியம் என்றும், சிலரிடம் பத்திரிகைச் செய்தி என்றும் சொல்லிக் கொடுத்தார். இலக்கியம் என்று நம்பியவர்கள் மெதுவாகப் படித்தார்கள், சொற்களை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். செய்தி என்று நம்பியவர்களுக்குச் சொற்கள் அவ்வளவாகத் தங்கவில்லை, என்ன நடந்தது என்பது நன்றாகத் தங்கியது. எழுத்து ஒன்றுதான், மேலே ஒட்டிய பெயர் மட்டும்தான் வேறு. 'உண்மைச் சம்பவம்' என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் பேய்க்கதைகள் வரும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும். அந்த இரண்டு சொற்களைப் போட்டு மூடநம்பிக்கையைப் பரப்புபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. நாவல் எழுதுகிறவர் இது கதை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

கதைக்கு இல்லாத பெருமையையும் ஏற்ற வேண்டாம். நல்ல சிறுகதை ஒன்றைப் படித்தவுடன் பிறர் மனதை அறியும் திறன் கூடுகிறது என்று 2013-ல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மற்றவர்கள் பலர் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. கதைக்குள் வரும் தவறான தகவல்களை வாசகர்கள் உண்மை என்றே மனதில் வாங்கிக்கொள்வதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதனால் வாழ்க்கை வரலாறும் வீட்டில் இருக்கட்டும் ஐயா.

ஆனால் நாவலைப் பிடுங்காதீர்கள். அவள் படித்து முடித்ததும், அந்தக் கதையில் வந்த வீட்டின் அடுப்படி எப்படி இருந்தது, கதவு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். எழுதியவர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வாள். அதில் உங்கள் வீட்டு ஜன்னலோ, அவள் அத்தை வீட்டு அம்மிக்கல்லோ இருக்கலாம். எனக்கு ரஷ்யக் கதையில் வாசல் வந்தாலும் சரி, மதுரைக் கதையில் வந்தாலும் சரி, திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் ஆயா வீட்டுத் திண்ணைதான் வரும். ஓரத்தில் காரை பெயர்ந்திருக்கும், அதே இடத்தில்.