கலப்பத்து: மரக்கப்பலை விறைப்பாக்கும் பஞ்சுத் திரி

மரக்கப்பலில் அத்தனை பலகைகள் இருக்கின்றனவே, இடுக்குகள் வழியாகத் தண்ணீர் புகாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். புகும். அதைத் தடுக்கத்தான் கலப்பத்து. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியையோ நாரையோ திணித்து அடைக்கும் வேலைக்கு அந்தப் பெயர். ஃபைபர் படகுகள் வந்தபின் இந்தச் சொல்லைக் கேட்பதே அரிதாகிவிட்டது.

இரண்டு பலகைகள் சேருமிடத்தில் உட்புறம் நெருங்கியும் வெளிப்புறம் சற்று விரிந்தும் இருக்குமாறு செதுக்குவார்கள். அந்த இடைவெளியில் திரியை வைத்து, மழுங்கிய உளியாலும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலாலும் அடித்து இறக்குவார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச்சு. ஐரோப்பாவில் தார் தோய்ந்த பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைப் பயன்படுத்தினார்கள். இங்கிலாந்தில் கயிறு பிரிக்கும் வேலை சிறைக்கைதிகளின் தலையில் விழுந்தது.

கடலில் இறக்கியதும் மரம் நீரைக் குடித்து ஊதும். நீர் மூலக்கூறுகள் செல் சுவருக்குள் நுழைந்து செல்லுலோஸ் இழைகளை விலக்குகின்றன. இழைகள் நீளவாக்கில் கிடப்பதால் பலகை அகலத்தில்தான் பெருக்கும், நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம். பெருத்த பலகைகள் நடுவிலுள்ள திரியை நெரிக்கின்றன. நெடுநாள் கரையில் காய்ந்த தோணி, இறக்கியவுடன் ஒழுகி அப்புறம் தானாக நின்றுவிடுவது இதனால்தான்.

சரி, தண்ணீர் நின்றது. ஆனால் கலப்பத்தின் அருமையான வேலை இனிமேல்தான் தொடங்குகிறது.

ஒரு பேரலையின் முகடு கப்பலின் நடுப்பகுதியைத் தூக்கினால், இரு முனைகளும் தொங்கும். முகடுகள் முனைகளுக்கு அடியில் வந்தால் நடுப்பகுதி தொய்யும். கப்பல் இப்படி மாறி மாறி வளையும்போது, பக்கச் சுவரின் பலகைகள் ஒன்றின்மீது ஒன்று நீளவாக்கில் வழுக்கப் பார்க்கும். ஒரு தடித்த நோட்டை வளைத்துப் பாருங்கள்: தாள்கள் சறுக்குவதால் எளிதாக வளையும். தாள்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அதே நோட்டு மரக்கட்டைபோல் விறைத்துவிடும். கணக்கும் இதையே சொல்கிறது. ஒரே அளவான 10 பலகைகளை ஒட்டாமல் அடுக்கினால், அதே உயரமுள்ள ஒற்றைக் கட்டையின் விறைப்பில் நூறில் ஒரு பங்குதான் கிடைக்கும்.

பலகைகளை வங்குகளில், அதாவது கப்பலின் விலா எலும்புபோன்ற சட்டங்களில், ஆணியடித்துத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் ஆணி மட்டும் அந்த வழுக்கலை முழுதாகத் தடுக்காது. இறுக அடித்த திரி இடுக்கு முழுவதும் பலகைகளை அழுத்துகிறது. அழுத்தம் இருந்தால் உராய்வு உண்டு. உராய்வு இருந்தால் வழுக்கல் குறையும். அப்போது தனித்தனிப் பலகைகள் கிட்டத்தட்ட ஒரே சுவராகச் சேர்ந்து சுமை தாங்குகின்றன. வழுக்கும் விசை மிகுந்திருப்பது மேல்தளத்துக்கும் ஏரா என்னும் அடிமரத்துக்கும் நடு உயரத்தில். யாரும் உற்றுப் பார்க்காத அந்த இடத்தில் பஞ்சு கப்பலைத் தாங்குகிறது!

அளவு முக்கியம். தளர்வாக அடித்தால் திரி கழன்று வந்துவிடும். நன்றாகக் காய்ந்த மரத்தில் அளவுமீறி அடித்தால், பின்னர் ஊதும் பலகை ஆணிகளையே பிடுங்கிவிடும். கொட்டாப்புளியின் ஓசை மாறுவதைக் காதால் கேட்டே தேர்ந்த கைகள் நிறுத்தும் இடத்தை அறிந்தன.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 1909இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் கட்டப்பட்ட ‘வயோமிங்’ என்ற பாய்க்கப்பலின் மேல்தளம் சுமார் 107 மீட்டர் நீளம். உள்ளே இரும்புப் பட்டைகளைக் குறுக்காகப் பதித்தும், பெருங்கடலில் அதன் உடல் நெளிந்து, இடுக்குகள் வாய்திறந்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1924இல் புயலில் சிக்கி, ஆட்களோடு மூழ்கியது.

நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசும் செய்திகள் கைப்பேசியில் குவிகின்றன. அந்த ஆர்வத்தில் ஒரு துளி ஆய்வு நிதியாக மாறினால் நன்றாயிருக்கும். தூத்துக்குடியிலோ கடலூரிலோ ஒரு தோணியின் பலகைகளில் திரிபுமானிகளை (நுண்ணிய நீட்சி, சுருக்கத்தை அளக்கும் கருவிகளை) ஒட்டி, கலப்பத்துக்கு முன்னும் பின்னும் அது எவ்வளவு வளைகிறது என்று ஒரு பொறியியல் கல்லூரி அளக்கலாம். பெரிய செலவில்லை. இந்த வேலை தெரிந்த கைகள் இருக்கும்போதே செய்ய வேண்டும்.